மூன்றாவது வரி

தையல் மிஷின் மெக்கானிக்கின் காது கூர்மை என்பது அந்தத் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். மிஷினைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வருகிறவர்கள் கோளாறு இன்னதென்று வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் சொல்லாதீங்க, சக்கரத்தை ஒரு சுத்து சுத்துங்க" என்பார். சுற்றினால் போதும். "ஷட்டில் தேஞ்சிருக்கு. எண்ணெய் விட்டு ஆறு மாசமாச்சு. உங்க வீட்ல யாரோ ஊசியைத் திருப்பி மாட்டியிருக்காங்க." மூன்றும் சரியாக இருக்கும். ஊசியைத் திருப்பி மாட்டியது யார் என்று அந்த வீட்டில் பிறகு நடக்கும் சண்டைக்கு அவர் பொறுப்பில்லை.

அப்பேர்ப்பட்ட காதை வைத்துக்கொண்டு மனிதர் இருபத்தேழு வருஷம் ஏமாந்தார். ஏமாற்றியவர்களும் வழிப்போக்கர்கள் இல்லை. சொந்த சபை, சொந்த நண்பன், சொந்தப் பெண்டாட்டி.

அவர் சங்கீதம் படித்தவர் அல்ல. பத்தொன்பது வயதில் தேவாலய ஆர்கனின் துருத்தி கிழிந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கன் அது. மிஷின் பெல்ட் தோலை வெட்டி ஒட்டுப் போட்டார். ஒட்டு நிற்கிறதா என்று பார்க்க வாசித்துப் பார்க்க வேண்டுமே, வாசித்தார். அப்போது சபையில் வாசிக்க வேறு ஆள் இல்லை. ரிப்பேர் பார்க்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போதகர்கள் ஏழு பேர் மாறினார்கள், இவர் எழுந்திருக்கவே இல்லை.

வாசிக்கப் பழகிய கை சும்மா இருக்குமா? மெட்டுப் போட ஆரம்பித்தது. அதற்குத் தோதாக ஒரு நண்பனும் இருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்; சின்ன வயதிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர். வாத்தியாருக்குத் துதிப்பாட்டு எழுதும் பைத்தியம். கணக்கு வாத்தியார் எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு வரிக்கு எட்டு அசை, அடுத்த வரிக்கு ஏழு என்று விரல் விட்டு எண்ணி எழுதுவார். ஒரு அசை கூடினால் வார்த்தையை வெட்டுவார், கடவுளின் பெயராக இருந்தாலும் சரி. இப்படி அளந்து எழுதுவதில் ஒரு வசதி, ஒரு ஆபத்து. ஒரே அளவுள்ள நூல் பாபின் எந்த மிஷினிலும் உட்காருவதுபோல, அந்த அளவுள்ள எந்த மெட்டிலும் அந்தப் பாட்டு உட்காரும். ஆபத்து எது என்பது மெக்கானிக்குக் கடைசியில்தான் உறைத்தது.

இருவருமாகச் சேர்ந்து பன்னிரண்டு பாட்டுச் செய்தார்கள். அதில் முதல் பாட்டு, மெக்கானிக்குக் கல்யாணமான வருஷம் வந்தது. அதன் முதல் சரணம் இது.

தூரம் போன என்னையும் நீர்
தேடி வந்து நின்றீரே;
மேலே உந்தன் முகம் கண்டேன்,
மீண்டும் வீடு சேர்ந்தேனே.

இதற்கு அவர் போட்ட மெட்டு முதல் இரண்டு வரியில் தரையில் நடக்கும். மூன்றாவது வரியில் 'முகம்' என்ற இடத்தில் மளமளவென்று ஏறி உச்சியில் போய் நின்றுகொள்ளும். நாலாவது வரியில் இறங்கி வீடு சேரும். அந்த உச்சியை அவர் எங்கிருந்து பிடித்தார் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆறு பெண்களில் கடைசியாகப் பிறந்ததால் அவர் மனைவியைப் பிறந்த வீட்டில் சின்னவள் என்பார்கள். புகுந்த வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. பள்ளிச் சீருடைகளை அடுக்கி வைத்துப் பித்தான் தைத்துக்கொண்டே பாடுவாள். அவள் குரல் போகிற உயரத்தைக் கேட்டுக் கேட்டு, அதற்கு அளவெடுத்துத் தைத்ததுதான் அந்த மூன்றாவது வரி.

துதிப்பாட்டு உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்தில் பாட்டின் இடப்பக்கம் எழுதியவர் பெயர், வலப்பக்கம் மெட்டுப் போட்டவர் பெயர், அதற்குக் கீழே பொடி எழுத்தில் மெட்டுக்கென்று தனியாக ஒரு பெயர். ஊர் பெயர், தெருப் பெயர், செத்துப்போன மாமனார் பெயர், எதை வேண்டுமானாலும் வைக்கலாம். இவர் தயங்காமல் 'சின்னவள்' என்று வைத்தார். கையால் எழுதிய தாளில்தான். புத்தகம் எதிலும் அது ஏறவில்லை.

ஏற ஒரு வழி பிறந்தது. எல்லாச் சபைகளுக்கும் பொதுவாகப் புதுப் பாட்டுப்புத்தகம் போடப்போகிறார்கள், சபைக்கு ஒரு பாட்டு அனுப்பலாம் என்று கடிதம் வந்தது. சபை ஒரே குரலில் இந்தப் பாட்டைத்தான் சொன்னது. மெக்கானிக் அன்றைக்கு வாசலில் நின்றவர்களிடம் எல்லாம் கை குலுக்கினார். நாற்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர், அவரைப் பார்த்தே இராத ஒருவர், புத்தகத்தைத் திறந்து 'மெட்டு: சின்னவள்' என்று படிப்பார். அவர் வாழ்க்கையில் வேறு எதற்கும் இப்படி ஆசைப்பட்டதில்லை. சொந்த வீட்டுக்குக்கூட ஆசைப்படாத மனிதர்.

ஆறு மாதம் போயிற்று. ஒரு நாள் அச்சகத்திலிருந்து ஆள் வந்தது, புத்தகம் தைக்கிற மிஷின் நூலை அறுக்கிறதாம். போனார். சக்கரத்தைச் சுற்றச் சொல்லிக் கேட்டார், கோளாறைச் சொன்னார், முக்கால் மணியில் சரி பண்ணினார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் மேஜைமேல் பிழை திருத்துவதற்காக அடித்த தாள்கள் கிடந்தன. பாட்டுப்புத்தகம்.

"கொஞ்சம் பாக்கலாமா? இதுல என் பாட்டு ஒண்ணு இருக்கு" என்றார். சிரிப்பு தானாக வந்துவிட்டது.

"தாராளமாப் பாருங்க. திருத்தம் சொல்ல அடுத்த மாசம் பதினஞ்சு வரைக்கும் நேரம் இருக்கு" என்றார் அச்சுக்காரர்.

பாட்டு இருந்தது. ஐந்து சரணமும் ஒரு பிழை இல்லாமல் இருந்தது. இடப்பக்கம் வாத்தியார் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. வலப்பக்கம் யாரோ ஒருவர் பெயர். கீழே யாரோ ஒருவருடைய மெட்டு. சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் எல்லாரும் பாடிப் பாடித் தேய்ந்த பழைய மெட்டு. எட்டு, ஏழு, எட்டு, ஏழு. அளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. மெக்கானிக் அச்சுப் பிழையோ என்று இரண்டு தரம் பார்த்தார். அச்சுக்காரர் கொடுத்த டீயைக் குடிக்காமலே வெளியே வந்தார்.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். வாத்தியார் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இவர் முகத்தைப் பார்த்ததுமே சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார். அதிலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று.

"உனக்குத் தெரியும்" என்றார் மெக்கானிக்.

"உக்காருடா."

"உன் பேரு இருக்கு, என் பேரு இல்ல. முப்பது வருஷம் ஒரே தட்டுல தின்னவன்டா நீ. மெட்டை மாத்தறோம்னு உன்கிட்டக் கேட்டாங்களா இல்லையா?"

"கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னேன்." வாத்தியார் எழுந்து கதவைச் சாத்தினார். "வேற என்ன சொல்லச் சொல்ற? புத்தகம் போடுறவங்க ஒரு படிவம் அனுப்பினாங்க. சபையார் எல்லாரும் இந்த மெட்டைப் பாடுறாங்களான்னு அதுல ஒரு கேள்வி. பாடகர் குழுத் தலைவர் பதில் எழுதிக் கையெழுத்துப் போடணும். இல்லைன்னு பதில் போச்சு. அதுக்கப்புறம்தான் என்கிட்டக் கேட்டாங்க."

"எல்லாரும்தானே பாடுறாங்க! மாசா மாசம் முதல் ஞாயிறு பாடுறோமே!"

வாத்தியார் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மூணாவது வரியை யாரும் பாடுறதில்லடா. யாருக்கும் எட்டாது. முதல் தடவை முயற்சி பண்ணாங்க, மானம் போச்சு. அப்புறம் விட்டுட்டாங்க. அந்த வரிக்கு ஓய்வு வரின்னு பேரு. புதுசா சபைக்கு வர்றவங்ககிட்டப் பக்கத்துல இருக்கறவங்க சொல்லிடுவாங்க, மூணாவது வரிக்கு வாயைத் திறக்காதீங்கன்னு. குழுவுல ரெண்டு மூணு பொம்பளைங்க சமாளிச்சிட்டிருந்தாங்க. அவங்களும் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. இப்போ நாலு வருஷமா அந்த வரியில ஆர்கன் மட்டும்தான்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "நெசமாவே உனக்குக் கேக்கலையா?"

கேட்கவில்லை. அவர் சபைக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாசிப்பவர். மூன்றாவது வரி வந்தால் ஆர்கனின் சத்தத்தைக் கூட்டும் குமிழ்கள் எல்லாவற்றையும் இழுத்துவிட்டு மூச்சு முட்ட மிதிப்பார். அந்தச் சத்தத்தில் இருநூறு பேர் பாடுவதாக அவரே நினைத்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் பாதித் தெரு வந்த பிறகுதான் அடுத்தது உறைத்தது. பாடகர் குழுத் தலைவர் யார்? பதினெட்டு வருஷமாகச் சின்னவள்தான்.

வீட்டுக்கு வந்தபோது அவள் மிஷினில் உட்கார்ந்து காலர் தைத்துக்கொண்டிருந்தாள். காலை எடுக்கவில்லை. "என்ன சீக்கிரம் வந்துட்டீங்க?"

"படிவத்துல இல்லைன்னு எழுதினது நீயா?"

மிஷின் நின்றது. "யார் சொன்னாங்க?"

"நீயா இல்லையா?"

"நான்தான்" என்றாள். "கடவுள் காரியத்துக்குப் போற காகிதம். அதுல எப்படிங்க பொய் எழுதுவேன்?"

அவருக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று புரியவில்லை. காகிதத்தில் பொய் எழுத மாட்டாளாம்! ஒவ்வொரு முதல் ஞாயிறும் வீடு திரும்பும்போது, "இன்னைக்கு நம்ம பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று சொன்னது எந்தக் கணக்கில் சேரும்?

"ஆர்கன் கண்ணாடியில பார்ப்பேனே" என்றார். போதகரின் கையசைவைப் பார்க்க ஆர்கன்மேல் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதில் போதகரையும் அவர் பக்கத்தில் நிற்கும் சின்னவளையும் தவிர யாரும் தெரியமாட்டார்கள். "நீ வாயை அவ்வளவு பெரிசாத் திறந்து பாடுவியே!"

"திறப்பேன்" என்றாள் சின்னவள். "சத்தம் வராது. பொண்ணு பொறந்தப்பவே எனக்கு அந்த உயரம் போயிடுச்சு. நீங்க கண்ணாடியில பார்ப்பீங்கன்னு வாயை மட்டும் திறப்பேன்."

அவர் பித்தான் டப்பாவை நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சேன்" என்று அவள் தொடர்ந்தாள். குரலில் குற்ற உணர்ச்சி இருந்தாலும் பெருமையும் கொஞ்சம் இருந்தது. "முதல் வருஷமே சபை மூப்பர் ஒருத்தர் உங்ககிட்டச் சொல்லக் கிளம்பினார். நான் போய்க் கையைப் பிடிச்சிக்கிட்டுச் சொன்னேன், வேணாம், அவர் ஆசையா போட்ட மெட்டு, பாவம்னு. எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. நல்ல மனுஷங்க. நம்ம பொண்ணுகூட ஆறு வயசிலேருந்து ஒரு வார்த்தை வெளிய விட்டதில்ல."

"பொண்ணுக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியுங்க."

பாவம். அந்த ஒரு வார்த்தைதான் அவரை வெட்டிப் போட்டது. திட்டியிருக்கலாம், மெட்டு மோசம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கலாம், அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு எழுந்திருப்பார். இருபத்தேழு வருஷம் ஒரு சபையே கூடி அவரைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறது. பெற்ற மகள் உட்பட. இவர் நடுவில் உட்கார்ந்து குமிழ்களை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வாரம் முழுக்க விடிந்ததும் கிளம்பிப் போனார், இருட்டிய பிறகே வீட்டுக்கு வந்தார். கடையில் ஒரு மிஷினைத் திறந்து போட்டுவிட்டு மூடாமலே இருந்தார். வாத்தியார் இரண்டு தரம் வந்தார். இரண்டு தரமும் முதுகைக் காட்டினார். வாத்தியார் சொன்னதை நம்பத்தான் வேண்டும், பெண்டாட்டியே ஒப்புக்கொண்டுவிட்டாள். ஆனாலும் ஒரு மூலையில் மனசு அடம் பிடித்தது. ஒருத்தர்கூடவா? இருநூறு பேரில் ஒருத்தர்கூடவா?

முதல் ஞாயிறு வந்தது. போதகர் பாட்டை அறிவித்தார். மெக்கானிக் வாசித்தார். "தூரம் போன என்னையும் நீர்" என்று சபை கணீரென்று பாடிற்று. "தேடி வந்து நின்றீரே." மூன்றாவது வரிக்கு அவர் இரண்டு கையையும் ஆர்கனிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

நிசப்தம். பின்வரிசையில் வெளியூர் விருந்தாளி ஒருவர், விவரம் தெரியாத மனிதர், "மேலே உந்..." என்று ஆரம்பித்துவிட்டுப் பயந்துபோய் நிறுத்தினார். அந்த வரியைப் பாட முயன்ற ஒரே ஆள் அவர்தான்.

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். பாட்டு நடக்கும்போது அவர் சபையை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள்போல நின்றிருந்தார்கள். ஒருத்தி குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஆர்கன் நின்றுபோனது பாதிப் பேருக்குப் புரியவே இல்லை. அதைவிடக் கொடுமை அடுத்தது. ஆர்கன் இல்லாமலே, யாரும் கை காட்டாமலே, ஒரு வரிக்கு உண்டான நேரம் முடிந்த அந்த நொடியில் இருநூறு பேரும் ஒரே மூச்சில் நாலாவது வரியை எடுத்தார்கள். "மீண்டும் வீடு சேர்ந்தேனே." அரை நொடி முன்னே இல்லை, பின்னே இல்லை. வேறு எந்தப் பாட்டிலும் அவர்கள் இவ்வளவு சுத்தமாகத் தாளம் பிடித்ததில்லை. எத்தனை வருஷப் பழக்கம்!

அப்போதுதான் சிலர் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சின்னவளும் பார்த்தாள். வாயைத் திறந்தபடியே இருந்தாள். பாட்டில் ஐந்து சரணம். ஐந்து தரமும் மூன்றாவது வரியில் அவர் கையை எடுத்தார். இரண்டாம் சரணத்திலிருந்து யாராலும் தலைநிமிர முடியவில்லை. கடைசிச் சரணத்தில் யாரோ அழுத சத்தம் கேட்டது. அழட்டும் என்று இருந்தது அவருக்கு.

மறுநாள் மத்தியானம் வாத்தியார் மூன்றாம் தரம் வந்தார். இந்தத் தடவை கடை வாசலில் நின்றே பேசினார். "திட்டணும்னா திட்டிக்கோ. ஆனா இன்னும் பதினொரு நாள் இருக்கு. நான் பாட்டுப்புத்தகக் குழுவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த ஒரு வரியை இறக்கிக் கொடுத்தா உன் மெட்டையே போடறோம்னு சொல்றாங்க. இறக்குவியா?"

"போ."

வாத்தியார் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். மெக்கானிக் எழுந்து ஒரு பழைய செய்தித்தாளை எடுத்து, ஓரத்து வெள்ளையில் பென்சிலால் சுரங்களை எழுதினார். 'முகம்' வரைக்கும் ஏறாமல் பாதி வழியில் திரும்புகிற மாதிரி மூன்று சுரங்களை மாற்றினார். முனகிப் பார்த்தார். ஊசியில் நூல் கோக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா?" என்றார் வாத்தியார், வாய் தவறி.

"இவ்வளவுதான்" என்றார் மெக்கானிக். "ஒருத்தராவது சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

வாத்தியார் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார். குழு ஏற்றுக்கொண்டது. மெட்டு: சின்னவள் என்று திருத்தம் போனது. அந்தச் செய்தி வந்த அன்றைக்கு மெக்கானிக், "சரி" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த முதல் ஞாயிறு சபை புது வரியைப் பாடியது. ஒத்திகை ஒன்றும் வைக்கவில்லை, ஒருதரம் வாசித்துக் காட்டினார், பிடித்துக்கொண்டார்கள். "மேலே உந்தன் முகம் கண்டேன்." ஆண்கள், பெண்கள், மூக்குக்கண்ணாடிக்காரர், பித்தான் போட்டவள், எல்லாரும். அவர் குமிழ் எதையும் இழுக்கவில்லை, மெதுவாக மிதித்தார். இருநூறு குரல் முதுகில் வந்து மோதியது. சந்தோஷம் வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இது அவருக்கு இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாலேயே கிடைத்திருக்க வேண்டியது. முந்நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு மேல் இருக்கும். அத்தனையையும் பாவம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லி அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறார்கள். பிடுங்கியவர்கள் எல்லாரும் நல்ல மனுஷர்கள் வேறு.

வாசலில் ஆளாளுக்குக் கையைப் பிடித்தார்கள். "அற்புதம்" என்றார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் உற்றுப் பார்த்துவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது சின்னவள் ஓரடி பின்னால் வந்தாள். அவளும் இன்றைக்கு அந்த வரியைச் சத்தமாகப் பாடியிருந்தாள். அவள் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டிருந்தார். தெரு முனையில் அவள் எட்டிப் போட்டு நடந்து பக்கத்தில் வந்தாள்.

"இப்பவாவது கோபம் போச்சா?" என்றாள். "புத்தகத்துல வந்துடுச்சு. எல்லாரும் பாடிட்டாங்க. இனிமே என்னங்க?"

அவர் நின்றார். "மத்த பதினொரு மெட்டுல என்ன குறை?"

"என்னது?"

"கேக்கிறேன், சொல்லு. கோபப்பட மாட்டேன். அதுல எந்தெந்த வரியை விட்டுடறீங்க?"

"அதெல்லாம் எதுவும் இல்லீங்க" என்றாள் சின்னவள், அவர் கண்ணைப் பார்த்து. "எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு. நெசமாச் சொல்றேன்."

அது நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் இனிமேல் அதை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு வழியில்லை.